ஷாத்தோநெஃபா, ஜிகோந்தாஸா?

பிரான்ஸின் தெற்கு ரோன் பள்ளத்தாக்கின் சிவப்பு ஒயின் என்றதும் எல்லோரும் சொல்லும் ஊர்ப்பெயர் ஷாத்தோநெஃப் து பாப். அங்கிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது ஜிகோந்தாஸ். இரண்டிலும் கிரெனாஷ் திராட்சைக்கே முதலிடம். சிராவும் மூர்வேத்ரும் துணைக்கு. ஆனால் ஜிகோந்தாஸ் பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைத்துவிடும். மீதிப் பணத்துக்கு ஷாத்தோநெஃப் என்ன தருகிறது?

முதலில், வரலாறு. போப்பாண்டவர்கள் ரோமுக்குப் பதிலாக அருகிலுள்ள அவிஞோன் நகரில் இருந்த 14ஆம் நூற்றாண்டில், போப் இருபத்திரண்டாம் யோவான் ஷாத்தோநெஃபில் கோட்டை கட்டினார். கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது கொஞ்சம் சுவர்தான். பெருமை மட்டும் குறையவில்லை: பல பாட்டில்களின் தோளில் விரலை ஓட்டினால், கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும் போப்பின் மணிமுடியும் சாவிகளும் தட்டுப்படும். அடுத்தது, கட்டுப்பாடு. இந்த ஊர்ப் பெயரில் போலிச் சரக்கு பெருகியதால், 1923இல் இங்கே தோட்டம் வைத்திருந்த பாரன் ல ருவா என்ற பிரபு முன்னின்று எல்லையையும் விதிகளையும் வகுக்க வைத்தார். 1936இல் ஏ.ஓ.சி. சான்று (ஒயின் எந்த ஊரில், எந்த விதிப்படி விளைந்தது என்பதற்கான பிரெஞ்சு அரசு அங்கீகாரம்) பெற்ற முதல் வரிசையில் இந்த ஊரும் இருந்தது. (விதி போடுவதில் சளைக்காத ஊர்: 1954இல் பறக்கும் தட்டுகள் இங்கே இறங்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டது.)

பதின்மூன்று திராட்சை வகைகள், பகல் வெயிலை வாங்கி இரவில் உமிழும் உருண்டைக் கூழாங்கற்கள் என்று விற்பவர்கள் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஊரின் மிக விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்றான ஷாத்தோ ராயாஸ், மணல் நிலத்தில் விளையும் கிரெனாஷிலிருந்து மட்டுமே வருகிறது.

ஜிகோந்தாஸுக்குத் தனிச் சான்று கிடைத்தது 1971இல்தான். 1956இன் கடும் உறைபனியில் ஒலிவ மரங்கள் பட்டுப்போன பிறகே திராட்சைக் கொடிகள் அங்கே பெருமளவில் பரவின. அதன் பலம் மலை. தாந்தெல் த மோன்மிராய் என்ற சுண்ணாம்புப் பாறைச் சிகரங்கள் காலை வெயிலைத் தாமதப்படுத்துகின்றன. சரிவில் சில தோட்டங்கள் 500 மீட்டர் உயரம் வரை ஏறுகின்றன. இரவு குளிர்கிறது, பழத்தில் புளிப்பு தங்குகிறது. கோடை ஆண்டுக்கு ஆண்டு சுட்டெரிக்கும் இந்தக் காலத்தில் இது சிறிய விஷயமல்ல. ஷாத்தோநெஃபில் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொடுவது இப்போது சாதாரணம். ஜிகோந்தாஸும் மெலிந்த ஒயின் அல்ல. ஆனால் அந்தப் புளிப்பு இருப்பதால் இரண்டாவது கோப்பையில் நாக்கு சலிப்பதில்லை.

சுவையில், ஷாத்தோநெஃப் கனிந்த ஸ்ட்ராபெர்ரி, காய்ந்த மூலிகை, வழுவழுப்பு. ஜிகோந்தாஸ் கறுத்த பழம், மிளகு. இளமையில் துவர்ப்பு சற்றுக் கரடுமுரடு. வறுத்த ஆட்டிறைச்சிக்கு நான் எடுப்பது இதைத்தான்.

பத்துப் பதினைந்து ஆண்டு பாதுகாத்து வைக்க இடமும் பணமும் இருந்தால், நல்ல தயாரிப்பாளரின் ஷாத்தோநெஃபே வாங்கலாம். அங்கே போட்டியே இல்லை. பெயரை மட்டும் நம்பி வரும் மலிவு ஷாத்தோநெஃபைத் தொட வேண்டாம். அதே காசுக்கு ஜிகோந்தாஸின் முன்னணித் தோட்டங்களின் பாட்டிலே கிடைக்கும்.