அடிவானம் நேராக நிற்காத கேமரா

சர்வீஸுக்குப் போயிருந்த என் கையடக்க வீடியோ கேமரா திரும்பி வந்துவிட்டது. தலையை ஆடாமல் பிடித்து நிறுத்தும் கிம்பல் கையையும் ஒரு மோட்டாரையும் மாற்றியிருக்கிறார்கள். வாரண்டி முடிந்துவிட்டதால் செலவு என்னுடையது. இந்த நேரம் பார்த்துத்தான் நண்பன் கேட்கிறான்: "புது மாடல் வந்துட்டதால இதோட விலை நல்லா இறங்கியிருக்கு. அடுத்த மாசம் கலிஃபோர்னியாவுல லோன் பைன் ஊருக்குப் போறேன். வாங்கிடவா?" ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தேன். முடியவில்லை.

ஒரு அங்குல சென்சார், 4கே, கைப்பிடியின் மேல் சுழலும் குட்டித் தலை, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் இதை எதற்குப் பயன்படுத்துகிறேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் பழைய கௌபாய் படங்கள் எடுத்த இடங்களைத் தேடிப்போவேன். படம் எடுத்தவர்கள் கேமராவை எங்கே வைத்தார்களோ அதே இடத்தில் நின்று எடுத்து, அன்றைய ஃபிரேமையும் இன்றைய காட்சியையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவேன். வழியில் வரலாற்று இடங்கள் இருந்தால் அங்கேயும் பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு இதே வேலைதான். குடும்பப் பயணம், பிறந்தநாள் என்று எடுப்பவர்களுக்கு நான் சொல்லப்போகும் குறை ஒரு குறையாகவே தெரியாது. அவர்கள் தாராளமாக வாங்கலாம்.

குறை இதுதான்: இந்தக் கேமராவில் அடிவானம் நேராக நிற்காது.

கண்ணை உறுத்தும் அளவுக்குச் சாய்வதில்லை. ஒரு டிகிரி, சில சமயம் ஒன்றரை. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தோன்றும். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போடும்போதுதான் வயிறு எரியும். 4கே ஃபிரேமின் அகலம் 3840 பிக்சல். ஒரு டிகிரி சாய்ந்தால் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் உயரத்தில் 67 பிக்சல் வித்தியாசம் வந்துவிடும். அந்தக் காட்சியைத் தனியாகப் பார்த்தால் மன்னித்துவிடலாம். ஆனால் 1930-களில் கனமான டிரைபாடில் அசையாமல் நின்று எடுத்த ஃபிரேமின் மேல் இதை வைத்து மெல்லக் கரைத்தால், மலைத்தொடர் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து உட்காரும். அன்று இருந்த புதர் இன்று இல்லை, பாதை அகலமாகிவிட்டது என்று நான் காட்ட நினைப்பது எதையும் யாரும் பார்க்கமாட்டார்கள். மலை ஏன் ஆடுகிறது என்றுதான் கேட்பார்கள்.

ஏன் சாய்கிறது என்று நானும் தேடித் தேடிப் படித்தாயிற்று. கிம்பலுக்குள் இருக்கும் ஜைரோ சென்சார், தலை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை மட்டும்தான் அளக்கும். அதில் இருக்கும் சின்னப் பிழை நேரம் போகப்போகக் கூடிக்கொண்டே போகும். அதைத் திருத்துவதற்கு, புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று சொல்லும் இன்னொரு சென்சார் உண்டு. ஆனால் கார் வளைவில் திரும்பும்போதும், கையை வீசி நடக்கும்போதும் அந்த அசைவின் விசையும் புவியீர்ப்போடு கலந்துவிடுவதால், கீழ் எது என்பதில் அதற்கும் குழப்பம். போதாக்குறைக்கு ஜைரோவின் பிழை வெப்பநிலையைப் பொறுத்து மாறும். சூடான காரிலிருந்து விடியற்காலைக் குளிரில் இறங்கிய உடனே எடுக்க ஆரம்பித்தால் சாய்வு நிச்சயம். நான் எடுப்பதே விடியற்காலையில்தான்.

அதற்கும் காரணம் இருக்கிறது. லோன் பைனுக்கு மேற்கே உள்ள அலபாமா ஹில்ஸ் என்ற பாறைக் குன்றுகளில் எடுத்த பழைய படங்களின் பின்னணி பெரும்பாலும் சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சுவர். சூரியன் உதிக்கும்போது அந்தச் சுவர் முழுக்க வெளிச்சம் விழும். மதியம் தாண்டினால் சூரியன் மலைக்குப் பின்னால் போக ஆரம்பிக்கும். அப்புறம் எதிரே நிற்பது கருநீல நிழல்தான், விவரம் ஒன்றும் தெரியாது.

"கேலிபிரேட் செய்யுங்கள், சமதளத்தில் வையுங்கள்" என்று கேமரா அறிவுரை சொல்கிறது. அலபாமா ஹில்ஸில் சமதளத்துக்கு எங்கே போவது? பின்னால் ஊசி ஊசியாக நிற்கும் சிகரங்களும் இந்தப் பாறைகளும் ஒரே வகைக் கருங்கல்தான் என்கிறார்கள் நிலவியலாளர்கள். ஆனால் இவை ஈர மண்ணுக்குள் புதைந்து கிடந்த காலத்தில் மூலைகளெல்லாம் அரிக்கப்பட்டு, மண் விலகியபின் உருண்டைகளாக வெளியே வந்தவை. உட்கார வைக்க ஒரு தட்டையான பாறை கிடைக்காது. தரையோ மலையடிவாரத்திலிருந்து பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்துகொண்டே போகிறது. காரின் பானெட்டும் சரிவு, கார் நிற்கும் பாதையும் சரிவு. கேமராவைக் குறை சொல்கிறேனே, அங்கே என் கண்ணுக்கே எது மட்டம் என்று தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததால்தானே இயந்திரத்தை நம்பி வாங்கினேன்.

இந்தக் கோபம் புரிய வேண்டுமென்றால் பொருத்தும் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். விட்னி போர்ட்டல் ரோட்டிலிருந்து மூவி ரோடு என்றே பெயர் வைத்த ஒரு மண்பாதை பிரிகிறது. 1920-இலிருந்து இங்கே 400-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் வெஸ்டர்ன் திரைப்பட வரலாற்று அருங்காட்சியகத்தில் வரைபடம் கிடைக்கும். அது உங்களைச் சரியான மேட்டுக்குக் கொண்டுபோய் விடும். சரியான அடிக்கு நீங்கள்தான் போக வேண்டும். கையில் பழைய ஃபிரேமின் அச்சுப் பிரதி. அதில் பக்கத்துப் பாறை ஒன்றின் விளிம்பு, தூரத்துச் சிகரம் ஒன்றை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் சிகரம் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், வலப்பக்கம் நகர்ந்தால் வெளியே துள்ளும். இதே மாதிரி இன்னொரு பாறை, இன்னொரு சிகரம் என்று இரண்டு ஜோடி பொருந்திவிட்டால் நிற்க வேண்டிய இடம் கிடைத்துவிடும். லென்ஸ் அகலமா குறுகலா என்பதற்கு இதில் வேலையில்லை, அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். பழைய படங்களின் 1.37:1 சட்டத்துக்கு (உயரத்தைப் போல 1.37 மடங்கு அகலம்) 4கே அகலத்தில் 2960 பிக்சல் போதும், இரண்டு பக்கமும் மிச்சம்தான்.

லோன் பைன் பீக் என்ற சிகரத்தை எப்போதும் நன்றியோடு நினைத்துக்கொள்வேன். அதே மலைத்தொடரில் இருக்கும் மௌண்ட் விட்னி 4421 மீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்க மாநிலங்களிலேயே உயரமானது. ஆனால் ஊரிலிருந்து பார்த்தால் லோன் பைன் பீக்தான் பெரிதாகத் தெரியும், கிட்டத்தில் இருப்பதால். முதல்முறை வருகிறவர்கள் அதையே விட்னி என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பெரிய உதவி. கிட்டத்தில் இருக்கும் சிகரம் நான் கொஞ்சம் நகர்ந்தாலே தூரத்துச் சிகரங்களோடு சேர்ந்து நிற்கும் விதத்தை மாற்றிக் காட்டிவிடும்.

இந்த மலைகளுக்கு நம் ஊர்ச் சம்பந்தமும் உண்டு. 1939-இல் வந்த 'கங்கா தீன்' படத்துக்காக இந்தப் பாறைகள் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையாக நடித்தன. 2008-இல் 'அயர்ன் மேன்' படத்துக்கு ஆப்கானிஸ்தானாக. எழுபது வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே வேடம்தான் கிடைத்தது, பாவம்.

சரி, கேமராவின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றை அது கொடுத்தது: நடை. பழைய ஃபிரேம் பொருந்தியவுடன் அப்படியே அந்தக் காட்சிக்குள் நடந்துபோவேன். குதிரைகள் வந்த அந்த மணல் சந்துக்குள், பாறைகளுக்கு நடுவே, படத்தின் கேமரா காட்டாமல் விட்ட பின்பக்கம் வரை. மணலில் கால் புதைந்தாலும் படம் மிதந்துகொண்டு போகும். ஆறுபேர் கொண்ட குழுவும் தண்டவாளமும் இருந்தால்தான் அன்றைக்கு இப்படி எடுத்திருக்க முடியும். சில சந்துகளில் உடம்பைத் திருப்பித்தான் நுழைய வேண்டும். பெரிய கேமராவை வைத்துக்கொண்டு அங்கே போயிருக்கவே மாட்டேன். ஒருமுறை முகத்தைப் பின்தொடரும் வசதி என்னை விட்டுவிட்டு, கண் மூக்கோடு இருந்த ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டது. நான் எங்கே போனாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை.

ஆக, நடக்கும்போது தேவதூதன், நிற்கும்போது குடிகாரன். டிரைபாடில் மாட்டினாலும் கிம்பல் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது; பேசாமல் நில் என்று அதற்குச் சொல்ல வழியில்லை. எடிட்டிங்கில் ஒரு டிகிரி திருப்பிவிடலாமே என்பார்கள். நிலையான காட்சியில் திருப்புகிறேன், கொஞ்சம் ஓரம் போகும், போகட்டும். இடமிருந்து வலம் மெல்லத் திருப்பி எடுக்கும் காட்சியில் என்ன செய்வது? தொடக்கத்தில் நேராக இருக்கும், முடிவில் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு வினாடிக்கும் வேறு கோணத்தில் திருத்திக்கொண்டு உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

இந்தக் குறை எனக்குத் தாங்கவே முடியாமல் போனது மன்சனாரில். லோன் பைனிலிருந்து 395 நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்ச தூரம்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களைக் குடும்பம் குடும்பமாக அடைத்து வைத்த முகாம்; ஒரு கட்டத்தில் 10,000-க்கும் அதிகமானோர் இருந்தார்கள். அதே வருடங்களில் பக்கத்துப் பாறைகளில் கௌபாய்கள் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். இன்று அது தேசிய வரலாற்றுத் தலம். ட்ரோன் பறக்கவிடக் கூடாது, தேசியப் பூங்காத் துறையின் எல்லா இடங்களிலும் அதுதான் விதி. நடந்துதான் எடுக்க வேண்டும், இந்தக் கேமராவுக்கு அதுவே வசதி. புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1943-இல் அங்கே எடுத்த புகைப்படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவரே கொடுத்துவிட்டுப் போனார். கல்லறைத் தோட்டத்தில் முகாமில் இருந்தவர்கள் 1943-இல் எழுப்பிய வெள்ளைத் தூண் மலையைப் பின்னால் வைத்து நிற்கிறது.

மலையில் ஒரு டிகிரி தெரியாமல் போகலாம். செங்குத்தான தூணில் ஒளிக்க முடியாது. என் வீடியோவில் அது சாய்ந்து நின்றது. இருந்தவர்கள் இறந்தவர்களுக்காக நேராகக் கட்டியதை நான் கோணலாகக் காட்டுவதா? அந்தக் காட்சியை வெளியிடவில்லை. அன்றிரவே சர்வீஸ் படிவத்தை நிரப்பினேன். "ஒரு டிகிரி வரை அனுமதிக்கப்பட்ட அளவுதான்" என்று முதலில் பதில் வந்தது. மோட்டார் கிறீச்சிட ஆரம்பித்த பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். மாற்றி வந்ததில் கிறீச் போய்விட்டது. கோணல் அப்படியே இருக்கிறது.

நியாயமாகச் சொல்வதென்றால், சாய்வு தெரியாத ஒரு இடமும் உண்டு: லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே வாஸ்கெஸ் ராக்ஸ். அங்கே பாறை அடுக்குகளே ஏறக்குறைய பாதிச் செங்குத்தாக வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கேமரா கோணலா, பூமி கோணலா என்று யாரும் கேட்க முடியாது. அங்கே எடுத்தவை எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. மற்றபடி பரந்த லென்ஸ், காற்றுச் சத்தம், பேட்டரி பற்றியெல்லாம் புலம்ப ஒன்றுமில்லை. மைக்குக்கு ரோமத் தொப்பி போட்டால் லோன் பைன் இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் காற்றைக்கூடச் சமாளிக்கிறது.

இப்போது நண்பனுக்கு. வாங்காதே. விலை இறங்கியிருந்தாலும் வாங்காதே. உன் ஃபோனே போதும். நல்ல டிரைபாட் ஒன்றும், கொத்தனார் வைத்திருப்பது போல ஒரு குட்டி ரசமட்டமும் எடுத்துக்கொள். அருங்காட்சியகத்தில் முந்தின நாளே வரைபடத்தை வாங்கிவிடு, காலையில் அது திறக்கும்வரை காத்திருந்தால் நல்ல வெளிச்சம் போய்விடும். நடந்துபோகும் காட்சி குலுங்கத்தான் செய்யும், பரவாயில்லை. என்னுடையதை இரவல் கேட்டுவிடாதே, அடுத்த மாதம் நானும் கிளம்புகிறேன், அது எனக்கு வேண்டும்.