தாராவி 90 அடி சாலையில் ஒரு நாட்டு மருந்துக் கடை

பிரஷருக்கு ஏதாவது மூலிகை கொடுங்கள் என்றால் கைக்கு வந்ததை அள்ளிக் கட்டிக் கொடுக்கிற கடைகள் மும்பையில் நிறைய இருக்கின்றன. இந்தக் கடை அப்படியில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் போனது செம்பருத்தி டீக்காக. "மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்பதுதான் அண்ணாச்சியின் முதல் கேள்வி. அப்புறம் இரண்டு டப்பாவைத் திறந்து காட்டினார். ஒன்றில் நம் வீட்டு வாசலில் பூக்கிற செம்பருத்தியின் காய்ந்த இதழ், தலைக்கு எண்ணெய் காய்ச்ச. இன்னொன்றில் கருஞ்சிவப்பாகத் தடித்துச் சுருண்டு, புளிப்பு வாசனையோடு ரோசெல். புளிச்சக்கீரை இனம் இது, பூ உதிர்ந்தபின் காயை மூடியிருக்கும் சதைப்பற்றான புல்லியைக் காயவைத்தது. பிரஷர் குறைந்ததாக ஆராய்ச்சிகளில் வரும் செம்பருத்தி டீ பெரும்பாலும் இதுதான். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010-ல் வெளியிட்ட சோதனையில் தினம் 3 கப் என்று 6 வாரம் குடித்தவர்களுக்கு பிரஷரின் மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது, போலி பானம் குடித்தவர்களுக்கு ஒரு புள்ளி சொச்சம்தான்.

ரத்தக் குழாயின் உட்சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை விட்டால் சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரியும், 1998 மருத்துவ நோபல் இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்குத்தான். ரோசெலின் சிவப்பு நிறமிகளான ஆந்தோசயனின்கள் இதைத் தூண்டுவதாகவும், குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சினை உண்டாக்குகிற என்சைமைத் தடுப்பதாகவும் ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். பிரஷர் மாத்திரைகளில் ஒரு வகை அதே என்சைமைத்தான் தடுக்கிறது, இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். அண்ணாச்சி கேட்டது எவ்வளவு சரியான கேள்வி பாருங்கள்!

நான் நிற்கும்போதே ஒருவர் பிரஷரைக் குறைக்கும் சர்ப்பகந்தா வேரின் பொடி கேட்டார். "டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டேன் தம்பி" என்று மறுத்துவிட்டார், கடை மேல் எனக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது. இதே பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் நோயாளிகளிடம் சோதித்து 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி, உலக மருத்துவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்த வேர் அது. 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். குழாயை இறுக்கச் சொல்லி நரம்புகள் அனுப்பும் நார்அட்ரினலின் கையிருப்பையே அது காலி செய்துவிடும், குழாய் தளரும், ஆனால் மூளையிலும் அதே வேலையைச் செய்வதால் மனச்சோர்வு வரலாம். டீத்தூள் மாதிரி விற்கிற சரக்கா அது?

குறையும் உண்டு. பொட்டலத்தில் தேதியும் இல்லை, விலையும் இல்லை, ரோசெலில் காம்புத் துண்டுகள் கிடந்தன. சாயங்காலம் போனால் கூட்டத்தில் அவரால் நின்று பேச முடியாது, காலையில் போங்கள். பொடித்தது வேண்டாம், முழுசாகக் கேட்டு வாங்குங்கள், சாப்பிடுகிற மாத்திரையின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.