விரல் ரேகைக் கதவா, திண்டுக்கல் பூட்டா? பெண்கள் விடுதி வாசலுக்கு எது சரி?

எங்கள் கல்லூரியில் பெண்கள் விடுதிக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது. வாசலுக்கு விரல் ரேகை இயந்திரம் வாங்கலாமா, இல்லை பழையபடி ஆளும் பூட்டும் போதுமா என்று போன மாதக் கூட்டத்தில் பேச்சு வந்தது. இரண்டையும் வைத்து விடுதி நடத்திய வார்டன் என்பதால் என்னைக் கேட்டார்கள். ஆளும் பூட்டும்தான் என்றேன், அதுவே முடிவும் ஆயிற்று. திருவாரூர், நாகை பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று காரணத்தை எழுதி வைக்கிறேன்.

இயந்திரத்தின் நல்லது எல்லாருக்கும் தெரிந்ததுதான். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்ற கணக்கு தப்பாது. ஒருத்திக்காக இன்னொருத்தி கையெழுத்துப் போட முடியாது. பெற்றோருக்கும் அதைப் பார்த்தால் ஒரு தெம்பு வருகிறது.

நாங்கள் அதற்கு மாறியதற்குக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை புயல் கரையேறியபோது எங்கள் விடுதிக்கு இரும்பு கேட், சங்கிலி, தொங்கு பூட்டு. சாவி வாட்ச்மேனிடம், அவர் கேட்டுக்கு வெளியே ஷெட்டில். வேப்பமரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஷெட்டை மறித்துக்கொண்டது. அறுபது பிள்ளைகள் உள்ளே, சாவி வெளியே. விடிந்த பிறகுதான் அவரால் வர முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நான் மறக்கவில்லை. அடுத்த ஜூனில் நிர்வாகம் விரல் ரேகைப் பூட்டு போட்டது. நானும்தான் கேட்டு வாங்கினேன்.

நாலு மாதம் நன்றாக ஓடியது. ஐப்பசி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது.

இந்தப் பூட்டில் நாக்கு கிடையாது. நிலையில் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புப் பட்டை. இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அது பட்டை காந்தத்தோடு படிந்து உட்கார்ந்தால்தான். நம் ஊர் மழையில் மரக்கதவு ஊறிப் பருக்கும், நிலை லேசாகக் கோணும். நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி வந்தாலும் பிடி பெரும்பாலும் போய்விடும். பூட்டியிருக்கிறது என்று விளக்கு எரியும். தோளால் ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். இதைக் கண்டுபிடித்தது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அவள் வந்து சொல்லும்வரை எத்தனை இரவு அந்தக் கதவு பெயருக்குப் பூட்டியிருந்ததோ!

அப்புறம் பேட்டரி. மின்சாரம் போனால் காந்தம் விட்டுவிடும், கதவு திறந்துகொள்ளும். ஆள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள், அது சரியான ஏற்பாடு. அதனால் மின்வெட்டுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வைப்பார்கள். காந்தம் அரை ஆம்பியர் எடுக்கும், ரேகையைப் படிக்கும் ரீடருக்குத் தனி. புது பேட்டரி ஏழெட்டு மணி நேரம் தாங்கும். இரண்டு கோடை பார்த்த பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. கஜாவுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினேழு நாள் ஆனது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக விடுதியை மூடினோம். திரும்பத் திறந்தபோது பேட்டரி செத்திருந்தது, காந்தத்தின் முகத்தில் துரு. சரி செய்யும் ஆள் திருச்சியிலிருந்து வர வேண்டும். மழைக்காலத்தில் கூப்பிட்டால் நாலு நாள், ஐந்து நாள். வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பதினெட்டாயிரம் கட்டியும் இதே கதைதான்.

விரல் விஷயமும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் விவசாயக் குடும்பம். விடுமுறையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வருகிறவர்களின் ரேகை தேய்ந்திருக்கும். துணி துவைத்து ஊறிய விரலையும் மருதாணி வைத்த விரலையும் அந்தக் கண்ணாடி ஏற்காது. மழையில் நனைந்தபடி ஐந்தாறு முறை விரலை வைத்து எடுத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

இப்போது மாற்றி மாற்றி இரண்டு அக்காக்கள் வாசலில் இருக்கிறார்கள். செலவு அதிகம்தான், இரண்டு பேருக்கும் மாதம் இருபத்திரண்டாயிரம். பொங்கலுக்கு லீவு கேட்பார்கள், விடிகாலையில் கண் அசரும், பதிவேட்டில் கையெழுத்து புரியாது. ஆனால் எந்தப் பிள்ளை நாலு நாளாக முகம் வாடி இருக்கிறாள், பஸ் ஸ்டாண்டிலிருந்து யார் பின்னாலேயே வந்தான் என்று என்னிடம் வந்து சொல்கிறவர்கள் அவர்கள்தான். பூட்டு திண்டுக்கல் பூட்டு, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே நெம்புகோல் பூட்டு. மழை அதை ஒன்றும் செய்யவில்லை. சாவி தொலைந்தாலும் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்பவர் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்.

ஆனால் சங்கிலியும் தொங்கு பூட்டும் போட்ட பழைய கேட்டுக்கு நான் திரும்பச் சொல்லவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. வெளியிலிருந்து மட்டும் திறக்கிற கதவுக்குப் பின்னால் பிள்ளைகளைத் தூங்க வைக்கக் கூடாது. அதனால் திண்டுக்கல் பூட்டு சுற்றுச்சுவர் கேட்டுக்கு மட்டும், அதன் சாவி உள்ளே என் அறையில் ஒன்று, அக்காவிடம் ஒன்று. கட்டடத்தின் கதவில் உள்பக்கம் ஒரு குறுக்குக் கம்பி. வெளியிலிருந்து சாவி வேண்டும், உள்ளிருந்து கம்பியைத் தள்ளினால் திறக்கும். அதற்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். மூன்று வருடத்தில் அதற்கு ஆன செலவு இரண்டு முறை எண்ணெய்.

கேமரா இரண்டு முறைக்கும் பொது. நடந்ததைக் காட்டும், தடுக்காது. இரவில் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும், வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் தட்ட வேண்டும். இடி இறங்கினால் கேமராவின் பதிவுப் பெட்டியே போகும்.

நான் சொல்வது நூற்றைம்பது பேர் வரை இருக்கும் பெண்கள் விடுதிக்கு. ஆண்கள் விடுதி நான் நடத்தியதில்லை. ஆயிரக்கணக்கானோர் தங்கும் வளாகத்தில் சொந்தமாக எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டர், இரும்புக்கதவு எல்லாம் இருந்தால் இயந்திரம் நன்றாகவே உழைக்கலாம்.

புதுக் கட்டடத்துக்குக் குறுக்குக் கம்பி வைத்த கதவு இரண்டு சொல்லியிருக்கிறோம், முன்பக்கம் ஒன்று, சமையலறைப் பக்கம் ஒன்று. ஆசாரியிடம் நான் வைத்த ஒரே கோரிக்கை, ஐப்பசியில் மரம் பருக்கும் அளவுக்கு இப்போதே இழைத்து இடம் விட்டுவிடுங்கள் என்பது. புரட்டாசி முடிவதற்குள் மாட்டித் தருகிறேன் என்றிருக்கிறார்.