பிகினா, ஸ்டார்ட்டா, கமென்ஸா?

அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் 'தொடங்கு' என்றே பொருள் போட்டிருக்கும். அதை நம்பி 'ஐ பிகேன் த கார்' என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம். காரை ஸ்டார்ட்தான் செய்ய முடியும். நாமே 'வண்டி ஸ்டார்ட் ஆகலை' என்கிறோம். 'வண்டி தொடங்கலை' என்று யார் சொல்கிறார்கள்?

ஸ்டார்ட்டின் பிறப்பு அப்படி. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் துள்ளு, குதி என்று பொருள். திடுக்கிட வைப்பதைச் சொல்லும் 'ஸ்டார்டில்' அதன் உடன்பிறப்பு. திடீர்ச் சத்தத்தில் ஒருவருக்குத் தூக்கிவாரிப் போட்டால் 'ஹீ ஸ்டார்ட்டட்' என்று கதைகளில் இன்றும் எழுதுகிறார்கள். வேட்டையில் புதருக்குள் பதுங்கிய முயலைக் கிளப்புவதற்கும் இதே சொல்தான். 'தொடங்கு' என்ற பொதுப்பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால் இதற்கு நெருக்கமான தமிழ் 'கிளம்பு'. புழுதியும் கிளம்பும், ஆளும் கிளம்புவார். 'வீட்டிலிருந்து ஸ்டார்ட் ஆயிட்டேன்' என்று போனில் சொல்கிறவர் சொல்லைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். அப்போது அவர் குளித்துக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

பிகின் துள்ளாது. பழைய ஆங்கிலத்திலேயே அதற்குத் 'தொடங்கு' என்ற பொருள்தான். கதை, கடிதம், நாள் என்று நீண்டு போகும் எதற்கும் பொருந்தும். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் 'இன் த பிகினிங்' என்றுதான் திறக்கிறது. அங்கே ஸ்டார்ட்டைப் போட்டுப் படித்தால் ஓட்டப்பந்தய விசில் கேட்கும். மழை பெய்யத் தொடங்குவது மாதிரி இடங்களில் இரண்டுமே சரி. பிகினிடம் ஒரே தொல்லை, உருவம் மாறுவது: நேற்று நடந்ததற்கு பிகேன், 'ஹேவ்' முன்னால் வந்தால் பிகன். 'ஐ ஹேவ் பிகேன்' என்பது தப்பு.

கமென்ஸ் பிரெஞ்சு வழியாக வந்தது, வேர் லத்தீன். பெயருக்கு முன்னால் போடுகிறோமே இனிஷியல், அதற்கும் அதே வேர். நம் பேச்சில் இரவல் சொல்லான 'ஆரம்பிச்சாச்சு' சரளமாக வரும், சொந்தச் சொல்லான 'தொடங்கு' மேடைக்கும் அச்சுக்கும் போகும். ஆங்கிலத்தில் தலைகீழ்: இரவல் சொல்தான் கோட்டு சூட்டோடு கோர்ட்டிலும் ஒப்பந்தத்திலும் உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் 'லெட் அஸ் கமென்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் கையெழுத்துப் போடப் பேனா தேடுவார்.