குடியாத்தத்துல மூணு வருஷமா வீட்டு சீஸ்மோகிராப் ஓட்டுன கதை

2021 நவம்பர் 29 விடிகாலை 4:17, நம்ம வேலூர் பக்கம் 3.6 அளவுல நிலநடுக்கம் வந்து ஆடுச்சே, அன்னிக்கு ஸ்டாண்டுல இருந்த தட்டு டம்ளர்லாம் கடகடன்னு ஆடி எழுந்தவன்தான் நானு, அந்த ஆசையில மறு வருஷமே நிலநடுக்கத்தப் பதியுற ஒரு குட்டி சீஸ்மோகிராப் வாங்கிட்டேன். உள்ள பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு காந்தம், ஸ்பிரிங்ல தொங்குற ஒரு காயில், அதான் கம்பிச் சுருள். தரை ஆடுனா காந்தமும் கூடவே ஆடும், காயில் அப்படியே பின்தங்கும், அதுல வர்ற துளியூண்டு வோல்டேஜை செகண்டுக்கு 100 தடவ அளந்து எழுதிக்கும்.

மொதல்ல மாடியில வச்சது என் தப்பு, யாரு படியேறுனாலும் நிலநடுக்கம்தான். அப்புறம் கீழ மாடிப்படிக்கு அடியில, பாய் மேட் எதுவும் போடாம வெறும் காங்கிரீட் மேல, மட்டம் பாத்து வச்சேன். அப்பவும் அம்மா கிரைண்டர் போட்டா ஸ்கிரீன்ல தடியா ஒரு பட்டை, போர் மோட்டார் போட்டா இன்னொரு பட்டை, ராத்திரில கூட்ஸ் வண்டி. வைகாசி 1 எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கி பாக்கணுமே, விடிஞ்சதுலேந்து ராத்திரி வரைக்கும் ஒரே கருப்பு!

பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டாரு, "இன்னா தம்பி, அடுத்த தபா ஆடுறதுக்கு முன்னாடியே சொல்லுமா இது?" சொல்லாதுங்க, ஆடுனதைத்தான் எழுதும். நிலநடுக்கத்துல மொதல்ல வேகமா வர்றது பி அலை, பின்னாடி வர்றது எஸ் அலை, ரெண்டுக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு எண்ணி 8-ஆல பெருக்குனா பக்கத்துல வந்த நடுக்கத்தோட தூரம் தோராயமா கிலோமீட்டர்ல கிடைக்கும், அவ்ளோதான். கல் குவாரி வெடி அடிக்கடி ஏமாத்தும், ஆனா அது பகல்ல வழக்கமான நேரத்துலதான் வரும், எஸ் அலையும் சரியா தெரியாது, போகப் போக கண்ணுக்குப் பழகிடுச்சு.

காசுக்கு ஈடு கிடைச்சது 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை. மியான்மர்ல 11:50-க்கு 7.7, இங்கேர்ந்து சுமார் 2000 கிலோமீட்டர். நியூஸ் பாத்துட்டு ஓடிவந்து பாத்தா ஸ்கிரீன் பூரா கிரைண்டர்! நொந்துபோயி 2 ஹெர்ட்ஸுக்கு மேல, அதாவது செகண்டுக்கு ரெண்டு தடவைக்கு மேல ஆடுறதெல்லாம் ஃபில்டர்ல வெட்டுனேன், கிரைண்டர் காணாமப்போயி 11:55 வாக்குல பி அலை மட்டும் தனியா நின்னுச்சு, கையெல்லாம் நடுங்கிடுச்சு எனக்கு. பின்னாடி வர்ற மெதுவான பெரிய அலைதான் சரியா விழல, என் கருவிக்குள்ள இருக்குற காந்தம்-காயில் செட்டு, இந்த 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோனுக்கு அது எட்டாது, அதுக்கு மெதுவான அலையும் பிடிக்கிற பிராட்பேண்ட் கருவி வேணும், அதோட விலைய பாத்துட்டு மூடி வச்சிட்டேன்.

தலைவலின்னா கரண்டுதான். போயிப் போயி வந்து ரெண்டு மெமரி கார்டு செத்துச்சு, இப்ப யூபிஎஸ் போட்ருக்கேன். நெட் இல்லாம ஆன் ஆச்சுன்னா நேரம் தப்பாயிடும், நேரம் தப்புனா அந்தப் பதிவு வேற நிலநடுக்க ஸ்டேஷனோட ஒத்துப் பாக்கவே ஆகாது, அதனால சாட்டிலைட்லேர்ந்து நேரம் எடுக்க ஜிபிஎஸ் ஒண்ணு தனியா மாட்டுனேன். என்னுது மேல-கீழ ஆட்டத்த மட்டும் பாக்குற மாடல், எஸ் அலை பக்கவாட்டுலதான் நல்லா ஆட்டும், பணம் இருந்தா மூணு திசையும் அளக்குறதா பாத்து வாங்குங்க. நான் இன்னும் இதுலயேதான் ஓட்டுறேன், அம்மா மாவு ஆட்டுற நேரத்த மட்டும் நோட்டுல குறிச்சு வச்சிக்கிறேன்.