ஏர் டிரையரோடு ஆறு வருஷம்: கோளாறு இருந்தது தண்ணீர் வடிக்கும் டிரெயினில்

கார் கதவு ஒன்றுக்கு கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்பு மேல்பூச்சு) அடித்து முடித்து, விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்க்கிறேன். பளபளப்புக்கு நடுவே கடுகளவில் வட்டவட்டமாகக் குழிகள். பெயின்ட் வேலை செய்கிறவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை, கம்ப்ரசர் காற்றோடு எண்ணெய் வந்திருக்கிறது. மொத்தக் கதவையும் தேய்த்து மறுபடி அடித்தேன். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் டிரையரையும், எண்ணெயைத் தடுக்கும் ஃபில்டர்களையும் வாங்கும் முடிவை அன்றுதான் எடுத்தேன்.

அதுவரை ஸ்பிரே கன் பக்கத்தில் ஒரு சாதாரண ஃபில்டரும், ஈரத்தை உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட குடுவையும் மட்டும் வைத்திருந்தேன். ஈரம் ஏறினால் நீலம் இளஞ்சிவப்பாகும். சூடுபடுத்தினால் மறுபடி நீலமாகும் என்பது கணக்கு. என்னுடையது பழுப்பாகிப் போய்விட்டது. எண்ணெய் படிந்த மணிகளை எவ்வளவு சூடாக்கினாலும் பழையபடி வராது. எண்ணெயைத் தடுக்காமல் ஜெல் வைத்தால் ஜெல்தான் வீண்.

தண்ணீர் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தபோது மலைத்துப் போனேன். 30 டிகிரியில் முழு ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். 70 சதவீதம் என்றால் 21 கிராம். மணிக்கு 30 கன மீட்டர் இழுக்கும் கம்ப்ரசர் எட்டு மணி நேரம் ஓடினால் 5 லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது! 7 பார் (அழுத்த அளவு) வரை அழுத்தும்போது காற்றின் கன அளவு எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஆறியதும் அந்தச் சின்ன இடத்தில் அவ்வளவு ஆவி நிற்க முடியாமல் தண்ணீராக இறங்குகிறது. டேங்கில் விழுந்ததுபோக மிச்சம் ஆவியாகவே லைனுக்குள் போய்விடும். எந்த ஃபில்டரும் ஆவியைப் பிடிக்காது. காற்றைக் குளிரவைத்து அந்த ஆவியைத் தண்ணீராக்கி இறக்கத்தான் டிரையர்.

நான் வாங்கியது ஃபிரிட்ஜ் மாதிரி குளிர்விக்கும் ரெஃப்ரிஜரேட்டட் வகை. காற்றை 3 டிகிரி வரை குளிர்விக்கும். பெயின்டுக்கும் காற்றில் ஓடும் நியூமேட்டிக் டூல்களுக்கும் இது தாராளம். பைப் லைன் உறைகுளிரில் போகிற இடம், ஈரம் துளியும் ஆகாத வேலை என்றால்தான் மைனஸ் 40 டிகிரி வரை குளிர்ந்தாலும் ஈரம் இறங்காத அளவுக்கு உலர்த்தும் டெசிக்கன்ட் டிரையர் (ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பியது) தேவை. அதற்கு, தன்னை உலர்த்திக்கொள்ளவே காற்றில் ஒரு பங்கு செலவாகும். டேங்க், முன் ஃபில்டர், டிரையர், 0.01 மைக்ரான் எண்ணெய் ஃபில்டர், கடைசியில் கார்பன் ஃபில்டர் என்ற வரிசையில் மாட்டினேன். மாட்டிய புதிதில் கன் முனையில் வெள்ளைத் துணியைப் பிடித்து ஊதிப் பார்ப்பேன், கறையே விழாது.

இரண்டாம் வருஷம் மறுபடி குழிகள், கூடவே நீர்க்கொப்புளம். டிரையர் போய்விட்டது என்றே நினைத்தேன். கூலிங் சரியாக இருந்தது. கடைசியில், சேரும் தண்ணீரை மிதவை எழும்பித் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெயினைக் கழற்றினால், மிதவை முழுக்கக் கருப்பாகக் கஞ்சி மாதிரி எண்ணெய்க் கசடு. மிதவை எழும்பவே இல்லை. டிரையர் பிரித்தெடுத்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிறைந்து, காற்றோடு சேர்ந்து லைனுக்கே திரும்பப் போயிருக்கிறது. பிறகு, குறித்த இடைவெளியில் தானே திறந்து மூடும் டைமர் டிரெயினுக்கு மாறினேன். கொஞ்சம் காற்று வீணாகும், ஆனால் சத்தம் கேட்கிறது. வேலை செய்கிறதா என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம். அதன் முன்னால் உள்ள சல்லடையை மாதம் ஒரு முறை கழுவுகிறேன். வெளியேறும் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கிறது, அதைச் சாக்கடையில் விடாதீர்கள். தனியாகப் பிடித்து எண்ணெயைப் பிரித்துத்தான் அகற்ற வேண்டும்.

இன்னொரு தவறும் என்னுடையதே. டிரையரைக் கம்ப்ரசரின் சூட்டுக் காற்று அடிக்கும் மூலையில் வைத்தேன். வெயில் காலத்தில் டிரிப் ஆனது. நகர்த்தி வைத்து, சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் ஃபின்களில் (மெல்லிய தகடுகளில்) படிந்த பெயின்ட் தூசியைத் துடைத்த பிறகு பிரச்சினையே இல்லை.

ஃபில்டருக்குள் இருக்கும் எலிமென்ட்களை வருஷம் ஒரு முறை மாற்றுகிறேன். அடைத்த ஃபில்டரைச் சமாளிக்கக் கம்ப்ரசரை 1 பார் கூட்டினால் கரண்ட் 6, 7 சதவீதம் கூடுதலாக இழுக்கும். கார்பனை மட்டும் மணிக்கணக்கு எழுதி வைத்து மாற்றுங்கள். அது தீர்ந்தாலும் அழுத்தம் குறையாது, கேஜில் எதுவும் தெரியாது, எண்ணெய் வாடை மட்டும் வர ஆரம்பிக்கும். என் கார்பன் கிண்ணத்தின் மேல் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.