கிடங்கில் தானியமா, கப்பலில் தானியமா?

தானியம் போதாத நாடு முன்கூட்டியே வாங்கிக் குவிப்பதா, வேண்டும்போது சந்தையில் வாங்குவதா?

செலவு: கிடங்குக்குத்தான் அதிகம். பணம் முடங்கும்; ஈரம் ஏறினால் பூஞ்சை, அப்புறம் வண்டு. இறக்குமதியில் அந்தத் தொல்லை இல்லை, விலை அடங்கியிருக்கும்வரை.

வேகம்: கிடங்கென்றால் லாரியில் ஏற்றினால் போதும். கப்பலுக்கு வாரக்கணக்கு.

நம்பகம்: விஷயமே இங்குதான். 2010 ஆகஸ்டில் வறட்சியால் ரஷ்யா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியதும் விலை எகிறியது. 2022-இல் போர் வந்தபோது உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்களில் தானியக் கப்பல்கள் மாதக்கணக்கில் முடங்கின. ஐ.நா.வும் துருக்கியும் பேசி ஜூலையில் வழி திறந்தன; அடுத்த ஜூலையில் ரஷ்யா அந்த உடன்பாட்டிலிருந்து விலகிக்கொண்டது. கையில் காசிருந்தும் சரக்கு வராத நிலை! எகிப்தில் 1977-இல் உணவு மானியத்தை வெட்டப்போய்க் கலவரமே வெடித்தது. உணவு விலை ஏறினாலே கொந்தளிக்கும் அப்படிப்பட்ட நாட்டுக்குச் சில மாத இருப்பு அவசியம்.

சரி, எல்லோரும் பதறிக் குவித்தால்? 2008-இல் அரிசி விலை ஏறியது ஓரளவு அதனால்தான்.

பலரிடம் வாங்கும் வசதியுள்ள நாட்டுக்குச் சந்தையே பெரும்பாலும் போதும். ஆனாலும் அப்படி வாங்கும் சிங்கப்பூர்கூட அரிசி இறக்குமதியாளர்களை இருப்பு வைக்கச் சொல்கிறது.